அம்மா வந்தால் கை சூடாக இருக்கும்

அங்காளம்மாவின் பிள்ளைகளான உங்கள் எல்லோருக்கும், செஞ்சி கடைத்தெருவில் கயிறு, முறம், சல்லடை விற்கும் பரசுராமனின் மனைவி மல்லிகா எழுதுவது.

இரண்டு வருஷமாக என் மேல் சாமி வருகிறது என்று எங்கள் தெருவே நம்பியது. அது சாமி இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூச்சத்தால் சாவின் வாசல் வரைக்கும் போய்விட்டேன். அம்மாதான் என் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள்.

நம் விளக்கு பூஜையில் இதை மைக்கில் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என் பேரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவதோடு படிப்பு முடிந்ததில் எனக்கு அந்த ஒரு விஷயத்தில் சந்தோஷம்தான். அதனால் எழுதித் தருகிறேன். குரல் உள்ளவர்கள் யாராவது படியுங்கள்.

முதல் தடவை அது வந்தது ஒரு தை வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றிவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தேன். எழும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை வெடித்துவிடும்போல் வலி. புடவை நனையும் அளவுக்கு வியர்வை. கை கால் எல்லாம் உதறியது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டதாம். அந்த நேரம் பார்த்துக் கற்பூரம் கொளுத்த வந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா வளர்மதி அண்ணி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்.

"டேய் பரசு, கடைய விட்டு ஓடியாடா. ஒம் பொண்டாட்டி மேல அம்மா வந்துகீறா."

என் புகுந்த வீட்டில் தலைமுறைக்கு ஒருத்தர் மேல் அம்மா வருவது வழக்கம். என் மாமியார் மேல் வந்தாள். மாமியார் போன பிறகு ஏழெட்டு வருஷம் யார் மேலும் வரவில்லை. தன் மேல் வருவாள் என்று அண்ணி காத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை தலைக்குக் குளித்து, விரதமிருந்து, மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய் நின்று பார்த்தார். வரவில்லை. கடைசியில் வாயில்லாப் பூச்சியான என் மேல் வந்துவிட்டாள் என்றதும் அவருக்குப் பொறாமை இல்லை, பெருமைதான். நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, என் காலில் விழுந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் கூனிக் குறுகிப் போனேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பிழிந்து போட்ட துணி மாதிரி சுருண்டு படுத்தேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. நான் இதை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது பூஜை அறையில் மட்டும் வரவில்லை. கடையில் கயிற்றுக் கட்டைத் தூக்கக் குனிந்தாலும் வந்தது. அடுக்கி வைத்த முறங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அடங்கும் வரைக்கும் தூணைப் பிடித்துக்கொள்வேன். முறத்துக்குப் பின்னால் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பூஜை அறையில் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனேன். பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். மறுபடி வரச் சொன்னார். அந்த மாத்திரை அட்டையை அண்ணி பார்த்துவிட்டார்.

"சாமி வர்ற ஒடம்புல இங்கிலீஷ் மருந்து ஆவாது மல்லிகா. அம்மா கோச்சிக்குவா. இத்தினி வருசங்கழிச்சி வந்தவள வெரட்டாத."

நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடமும் மறுபடி போகவில்லை. அண்ணி என்னை அடித்துத் தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் குறி கேட்க வர ஆரம்பித்தார்கள். நான் விழுந்து கும்பிடுவேன். உடம்பு உதறும். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். எனக்குத் தலை பிளக்கும். எப்படியாவது விட்டால் போதும் என்று இருக்கும். கண்டக்டர் வீட்டு சாந்தி தன் மூத்த பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். "மாசி பொறக்கட்டும்" என்று முனகினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே மாசியில் கல்யாணம் நடந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை.

அன்றைக்கு நான் அழுதேன். அம்மா பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். உடம்பு இளைத்து ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. சென்னையில் படிக்கும் என் மகள் நந்தினி லீவுக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாமி வந்தா வெயிட் கொறையுமா? எனக்குங்கூட ரெண்டு கிலோ கொறைக்கச் சொல்லேன்" என்றாள். சிரித்தேன். அவளிடமும் சொல்லவில்லை.

வைகாசி மாதம் ஒரு நாள் கடையில் தனியாக இருந்தேன். காலண்டரில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்த்துக் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

"தாயே, இது நீ இல்லன்னு எனக்குத் தெரியும். சொல்றதுக்கு எனக்கு வாயில்ல. நீயே சொல்லிடு. எல்லார் முன்னாடியும் சொல்லிடு. அதுக்கப்புறம் என்ன வெச்சிக்கிறதோ கூட்டிக்கிறதோ ஒன் இஷ்டம்."

அம்மா ஆனி அமாவாசை வரைக்கும் அவகாசம் எடுத்துக்கொண்டாள்.

அமாவாசை ராத்திரிக் கூட்டம் சேருவதற்கு முன்பே மதியம் போய்க் கும்பிட்டுவிட்டு, பொழுதோடு திரும்பிவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் ஸ்பெஷல் பஸ்ஸில் மேல்மலையனூர் போனோம். நான், என் வீட்டுக்காரர், அண்ணி, கூடத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். வழியெல்லாம் அண்ணி பக்கத்து சீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி, "எங்க தம்பி பொண்டாட்டி, அம்மா வருவா இவ மேல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கும் தனக்கோடியிடம்தான் எப்போதும் பழம் வாங்குவோம். என் வயதுதான் அவளுக்கும். வாய் அதிகம். "இன்னாக்கா, பழம் ரெண்டு போதுமா? சாமி வர்ற ஒடம்பு, நாலா எடுத்துக்கோ" என்று கிண்டல் செய்தாள். அவள் மேலும் அமாவாசைக்கு அமாவாசை அம்மா வருவாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெளிப் பிராகாரத்துக்கு வந்தோம். அண்ணி சொன்னபடி அங்கே விழுந்து கும்பிட்டேன். நெற்றி தரையில் பட்டதும் வழக்கமான படபடப்பு வந்தது. பிறகு வழக்கம் இல்லாத ஒன்று வந்தது. நெஞ்சிலிருந்து முதுகு வரைக்கும் யாரோ புதுத் துணியைக் கிழிப்பது மாதிரி சர்ரென்று ஒரு வலி. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் போய் நின்றது. அதன் முன்னால் பிள்ளை பெற்ற வலி ஒன்றுமே இல்லை. நான் கத்தினேன். என் வாழ்நாளில் பத்துப் பேர் எதிரில் கத்தியது அதுதான் முதல் தடவை.

அண்ணி பூரித்துப் போனார். "அம்மா முழுசா எறங்கிட்டா. கற்பூரம் கொண்டாங்க" என்றார். கூட்டம் வட்டமாகச் சூழ்ந்துகொண்டது. பம்பைக்காரர் ஒருவர் எனக்காக அடிக்க ஆரம்பித்தார். யாரோ கையில் பழத்தைத் திணித்தார்கள். யாரோ வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். நான் செத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றிக் குலவை போட்டார்கள். வாயைத் திறந்தால் மூச்சுத்தான் வந்தது, சொல் வரவில்லை.

அந்தப் பம்பைச் சத்தத்துக்குத் தனக்கோடி மேல் அம்மா வந்துவிட்டாள். தலைமுடி விரிய, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆடியபடியே வந்தாள். நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. அது இன்றைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"இவ கை இன்னாடா ஜில்லுனு கீது? நான் வந்தா கை சூடா இருக்கும்டா. நான் இவகிட்ட வரலடா. எம் பொண்ணு சாவுறாடா. பம்பைய நிறுத்திட்டுத் தூக்கிக்கினு ஓடுங்கடா."

பம்பை நின்றது. எல்லோர் முன்னாலும் அம்மா சொல்லிவிட்டாள். நான் கேட்டபடியே, ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். இதையே ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பார். என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் அவரைத் திட்டியிருப்பார். சொன்னது அம்மா. அண்ணிதான் முதலில் என் காலைத் தூக்கினார். பொங்கல் வைக்க வந்த ஒரு குடும்பம், தாங்கள் வந்த குட்டியானை வண்டியிலிருந்து பானையையும் விறகையும் கீழே இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற்றியது. அத்தனை கூட்டத்தில் வண்டிக்கு எப்படி வழி கிடைத்தது என்று இன்றைக்கும் என் வீட்டுக்காரர் ஆச்சரியப்படுகிறார். "அம்மா சொல்லிட்டா, வழிவிடு" என்று அண்ணி வண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டே கத்தினாராம்.

செஞ்சியில் பிரஷர் பார்த்தார்கள். மேல் எண் இருநூற்று நாற்பது. இளவயது டாக்டர் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதுகில் எங்கே வலி என்று கேட்டார். ஊசி போட்டு, ஒரு நிமிஷமும் வீணாக்காமல் ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டரம்மா படத்தைக் காட்டி என் வீட்டுக்காரருக்கு விளக்கினார். நான் பாதி மயக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதயத்துல இருந்து முதுகுப் பக்கமா கீழ இறங்குற பெரிய ரத்தக்குழாய் இது. இதுக்கு மூணு அடுக்கு. உள் அடுக்கு கிழிஞ்சிடுச்சு. ரத்தம் நடுவுல பூந்து அடுக்கப் பிரிச்சிட்டே போகுது."

"முப்புரிக் கயிறு மாதிரிங்களா? உள்புரி அறுந்துடுச்சி. வெளிப்புரிதான் தாங்குது."

"அதேதான். என்ன தொழில் பண்றீங்க?"

"கயிறு கடைங்கம்மா."

"உள்புரி அறுந்த கயித்த என்ன பண்ணுவீங்க?"

"தொங்கற பளுவ மொதல்ல எறக்குவோங்க."

"நாங்களும் அதத்தான் பண்ணப் போறோம். பளுங்கறது இவங்க பிரஷர்."

கிழிசல் இதயத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் உடனே நெஞ்சைத் திறந்திருப்பார்களாம். எனக்கு இருந்த இடத்தில், பிரஷரை இறக்கி வைத்தால் வெளிப்புரி தாங்கும் என்றார்கள். ஆனால் பிரஷர் ஏன் இப்படி ஏறுகிறது? அதற்கும் அந்த ஒரே படத்தில் பதில் இருந்தது. இடது சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குமாம். அதில் ஒரு கட்டி. லட்சத்தில் யாரோ சிலருக்குத்தான் வரும் என்றார் டாக்டரம்மா. பயந்தால் உடம்பில் ஊறும் ஒரு நீரை, பயமே இல்லாதபோதும் அது ஊற்றிக்கொண்டே இருக்குமாம். குனிந்தால் கட்டி அமுங்கும். அமுங்கினால் அந்த நீர் பீய்ச்சும். படபடப்பு, தலைவலி, வியர்வை, கை சில்லிட்டு முகம் வெளுப்பது எல்லாம் அதனால்தான். கட்டியின் அளவைக் கேட்டபோது ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும் என்றார்.

அதைக் கேட்டு அண்ணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக அவர் என் கையில் பழத்தை வைத்துக் குறி கேட்டிருக்கிறார். உள்ளே இன்னொரு பழம் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கட்டியை உறுதி செய்ய ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரை ஒரு கேனில் சேர்க்கச் சொன்னார்கள். எனக்கு உயிர் போவதைவிட அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. அண்ணி தானே கேனை வாங்கிக்கொண்டார். மறுநாள் அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் லேபுக்கு நடந்தார்.

"கரகம் எடுத்துக்கினு போறியாக்கா? பம்பை சொல்லட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூடுடா வாய. இது எந்தங்கச்சி உசுரு."

திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். "நாந்தான் மாத்திரைய நிறுத்துனேன். நானே ஒன்ன கொன்னுருப்பேன்" என்றார். அப்போதுதான் நான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். "ரெண்டு வருசமா அது அம்மா இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணி. நான் வாய மூடிக்கினு இருந்தேன். தப்பு எம்மேலயும்தான்." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சுதான் மாசி பொறக்கட்டும்னியா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிக்கக் கூடாது, நெஞ்சு அதிரும் என்று நர்ஸ் வந்து திட்டினார்.

உடனே அறுத்து எடுக்க முடியாது. கட்டியைத் தொட்டாலே பிரஷர் தாறுமாறாக ஏறும், கிழிந்த குழாய் தாங்காது என்றார்கள். முதலில் அந்த நீரின் வேகத்தைத் தடுக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆடி முழுவதும் அப்படிப் போனது. ஒரு கட்டத்தில் டாக்டரம்மா, உப்பு தாராளமாகச் சாப்பிடலாம், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். பிரஷர்காரிக்கு உப்பா என்று எல்லோரும் விழித்தோம். ரத்தக்குழாய் இப்போது விரிந்து கொடுக்கிறது, அதை நிரப்ப வேண்டும், என் உடம்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று விளக்கினார். மறுநாளே அண்ணி மாவடு ஊறுகாய் ஜாடியோடு வந்து இறங்கினார்.

ஆவணி மாதம் ஆபரேஷன். காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்புவது நிச்சயம் இல்லை என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் கையைப் பிடித்து ஊசி குத்த நரம்பு தேடினார். "கை நல்லா வெதுவெதுன்னு இருக்குதே, பயம் இல்லையா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா இருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. கை சூடாக இருந்தது, அவ்வளவுதான். "பயம் இல்லீங்க டாக்டர்" என்று சொன்னேன். நிஜமாகவே இல்லை.

வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு அந்தக் கட்டியை எடுத்துவிட்டார்கள். எடுக்கும்போது இரண்டு தடவை பிரஷர் ஏறியதாம், இரண்டு தடவையும் இறக்கிவிட்டார்களாம். வெளிப்புரி தாங்கியது. கண் விழித்தபோது டாக்டரம்மா மெஷினைத் திருப்பிக் காட்டினார். நூற்று இருபது, எண்பது. அந்த இரண்டு எண்ணை விட அழகான கோலத்தை நான் பார்த்ததில்லை.

காரில் ஊருக்குத் திரும்பும்போது தூரத்தில் செஞ்சிக் கோட்டை மலை தெரிந்ததும், "ஒம் மலையப் பாரு, நீ வர்றியான்னு எட்டிப் பாக்குது" என்றார் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே கவிதை அதுதான்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். நானே கூப்பிட்டேன். எழுந்து நின்று, என் மேல் வந்தது அம்மா இல்லை, நோய், நான் சொன்ன குறி எல்லாம் வலி தாங்காமல் உளறியது, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. ஆனால் முடிக்கும் வரைக்கும் நின்றேன்.

கண்டக்டர் வீட்டு சாந்தி எழுந்தாள். "அப்ப எம் பொண்ணுக்கு மாசில கல்யாணம் ஆச்சே, அது எப்படி?"

"அது ஒம் பொண்ணு நல்ல நேரம் சாந்தி."

"எதுக்கும் சின்னவளுக்கும் ஒரு மாசம் சொல்லேன். ஒளறலாத்தான் சொல்லேன்."

ஐப்பசி அமாவாசைக்கு மறுபடி மேல்மலையனூர் போனோம். முதலில் தனக்கோடியிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நீ சொன்னதால்தான் பிழைத்தேன் என்றேன். அவள் முழித்தாள். "நான் இன்னாக்கா சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பம்பை கேட்டுது, அப்புறம் மூஞ்சில தண்ணி தெளிச்சாங்க, அவ்ளோதான் தெரியும். எவளோ ஒருத்தி பழத்தையெல்லாம் வாரிக்கினு போய்ட்டான்னு அன்னிக்குப் பூரா தேடிக்கினு இருந்தேன்." சொன்னது யார் என்று எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

அம்மாவைக் கும்பிட்டுவிட்டு அதே பிராகாரத்தில், அதே இடத்தில் நின்றேன். குனியலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இருந்தாலும் கால் வரவில்லை. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக மண்டியிட்டேன். நெற்றியைத் தரையில் வைத்தேன். காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

நெஞ்சு அதன் பாட்டுக்கு நிதானமாக அடித்தது. கல் குளிர்ச்சியாக இருந்தது. யாரோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது காதில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் நான் கும்பிட்ட முதல் கும்பிடு அது. அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே கிடந்தேன்.

"எழுந்திரு மல்லிகா, கூட்டம் சேந்துடப் போவுது" என்றார் அண்ணி. பிறகு என் கையை விடாமலே சொன்னார். "சூடாத்தான் கீது."

கிழிந்த குழாய்க்காக நான் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். வருஷா வருஷம் ஸ்கேன் உண்டு. கயிற்றுக் கட்டைத் தூக்கக் கூடாது, என் வீட்டுக்காரர் தூக்குகிறார். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது வளர்மதி அண்ணி. ஒரு நாள் தவறவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். நம் குழுவில் யாருக்காவது சாமி வந்தால், முதலில் போய்க் கையைத் தொட்டுப் பார்ப்பதும் அவர்தான். இதுவரைக்கும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்திக்குச் சர்க்கரை. இன்னொருத்தி மேல் வந்தது நிஜமாகவே அம்மாதான், அண்ணி திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

என் உடன்பிறப்புகளே, உங்களுக்குள்ளும் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். உடம்பில் இருக்கலாம், மனசில் இருக்கலாம். வெளியே சொல்ல என்னைப் போலக் கூச்சமாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லுங்கள். வார்த்தை அழகாக இருக்க வேண்டாம், காலண்டர் படம் போதும். அவள் பதில் சொல்வாள். எலுமிச்சம்பழக்காரி வாயால் சொல்வாள், ஸ்கேன் படத்தில் காட்டுவாள். அவள் ஓடு என்று சொன்னால் மட்டும் நிற்காமல் ஓடுங்கள்.

இதைப் படித்து முடித்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.